ஒட்டு பிடிக்குமா? இணையத்தளம் அமைப்போர் முதலில் பார்க்க வேண்டியது



நம் தோட்டப்புறக் குடும்பங்களில் இன்று பொலிடெக்னிக்கிலும் தொழிற்கல்லூரியிலும் கணினி பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை பல நாள் இரவு விழித்து ஓர் இணையத்தளத்தை அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா சுடும் முறுக்குக்கு முன்பதிவு வாங்கும் தளமாக அது இருக்கலாம். கல்லூரியில் கொடுத்த இறுதியாண்டு வேலையாகவும் இருக்கலாம். வீட்டு மடிக்கணினியில் அழகாக ஓடிய தளம், சர்வரில் ஏற்றியதும் நின்றுவிடுகிறது. திரையில் ஆங்கிலத்தில் இருபது வரி பிழைச் செய்தி. "எனக்கு இந்தப் படிப்பு ஏறாதும்மா" என்று பிள்ளை சொல்கிறது. பால்மரக் காட்டிலிருந்து களைத்து வந்த தாய்க்கு அதை மறுத்துச் சொல்ல வகை தெரிவதில்லை, அவரும் நம்பிவிடுகிறார்.

தாய்மார்களே, உடனே நம்பிவிடாதீர்கள். இத்தகைய தொல்லைகளில் பெரும் பகுதி பிள்ளையின் அறிவுக் குறையால் வருவதன்று. ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பதிப்புகளைச் சேர்த்து வைப்பதால் வருவது. அது எப்படி நேர்கிறது, எப்படி முன்கூட்டியே பார்ப்பது என்பதை இன்று விளக்குகிறேன்.

இணையத்தளத்தை யாரும் முதல் எழுத்திலிருந்து எழுதுவதில்லை. பயனர் பெயரைச் சரிபார்ப்பது, படிவம் வாங்குவது, தகவலைச் சேமிப்பது ஆகியவை எல்லாத் தளங்களுக்கும் பொது. இவற்றைத் தயாராகச் செய்து வைத்திருக்கும் தொகுதிக்குச் சட்டகம் என்று பெயர். வீடு கட்டுகிறவர் கதவு நிலையைத் தச்சரிடம் செய்து வாங்குவதைப் போன்றது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ ஒரு சட்டகம். பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட லாரவெல் இன்னொன்று.

சட்டகம் தனியாக நிற்காது. எல்லாவற்றுக்கும் அடியில் சர்வர் கணினியின் இயங்குதளம் இருக்கிறது. உபுண்டு, சென்ட் ஓ.எஸ். என்பவை அத்தகையவை. அதன்மேல் பைத்தான் போன்ற மொழி. மொழியின்மேல் சட்டகம். பக்கத்தில் தகவல்களைக் காக்கும் தரவுத்தளமும், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிக் கொடுக்கும் அப்பாச்சி போன்ற இணையச் சர்வர் மென்பொருளும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு.

ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டியவர்களுக்கு இது விளங்கும். இளம் பச்சை நாற்றில் பச்சை மொட்டைக் கட்டுவோம்; பட்டை பழுத்த நாற்றில் பழுப்பு மொட்டைக் கட்டுவோம். மொட்டு நல்ல இனம், நாற்றும் நல்ல நாற்று. ஆனாலும் வயது ஒவ்வாவிட்டால் ஒட்டு பிடிக்காது. மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது மொட்டு காய்ந்திருக்கும். அதற்காக ஒட்டுக் கட்டியவர் கைராசி இல்லாதவர் என்று சொல்லலாமா?

இனி உண்மையான எண்களுக்கு வருவோம். உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கின்றன, 20.04 என்றால் 2020ஆம் ஆண்டு ஏப்ரல். அந்த உபுண்டு 20.04 தன்னோடு கொண்டு வந்தது பைத்தான் 3.8. உபுண்டு 22.04 கொண்டு வந்தது பைத்தான் 3.10. உபுண்டு 24.04 கொண்டு வந்தது பைத்தான் 3.12. மறுபக்கம், 2023 ஏப்ரலில் வெளிவந்த ஜாங்கோ 4.2-க்கு பைத்தான் 3.8 போதும். 2025 ஏப்ரலில் வெளிவந்த ஜாங்கோ 5.2-க்கோ பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. வகுப்பில் தசமம் படித்த பிள்ளை 3.10-ஐ விட 3.9 பெரியது என்றுதான் சொல்லும். கணக்குப் பாடத்தில் அது சரி. பதிப்பு எண்ணில் உள்ள புள்ளி தசமப் புள்ளி அன்று. அது பிரித்துக் காட்டும் அடையாளம் மட்டுமே. மூன்றாம் வரிசையில் ஒன்பதாவது வெளியீடு, பிறகு பத்தாவது வெளியீடு. ஆகவே 3.10 தான் புதியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் வழுக்குகிறார்கள்.

மடிக்கணினியில் உபுண்டு 24.04, கல்லூரிச் சர்வரில் 20.04 என்று வையுங்கள். பிள்ளை வீட்டில் ஜாங்கோ 5.2-இல் எழுதியது. சர்வரில் அதே 5.2-ஐ நிறுவச் சொல்கிறது. பைத்தானுக்கு மென்பொருள் கொண்டுவந்து கொடுக்கும் பிப் என்னும் கருவி, "பொருந்தும் வெளியீடு எதுவும் கிடைக்கவில்லை" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் விடை சொல்கிறது. பிள்ளை என்ன நினைக்கும்? பெயரைத் தவறாகத் தட்டிவிட்டோமோ, இணையத் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைக்கும். உண்மையில் பிப் தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. "உன் பைத்தான் 3.8-க்குப் பொருந்தும் 5.2 இல்லை" என்பதே அதன் பொருள். எண்ணைக் குறிப்பிடாமல் ஜாங்கோ என்று மட்டும் கேட்டிருந்தால், 3.8-க்கு ஏற்ற 4.2 வரிசையை எடுத்துக் கொடுத்திருக்கும். அதிலும் ஆபத்து உண்டு. நிறுவல் வெற்றி என்று திரை சொல்லும், வீட்டில் 5.2-ஐ நம்பி எழுதிய ஏதோ ஒரு வரி பின்னர் சர்வரில் உடையும்.

இந்த வாசலிலாவது ஒரு காவலாள் நிற்கிறான். காவலாள் இல்லாத வாசலும் உண்டு. அதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் சென்ட் ஓ.எஸ். 7.

சென்ட் ஓ.எஸ். 7 வெளிவந்த ஆண்டு 2014. உலகெங்கும் ஏராளமான சர்வர்களில் ஓடியது. அதனோடு வந்த பைத்தான் 2.7. ஜாங்கோ 2.2, 2019 ஏப்ரலில் வெளிவந்தபோது பைத்தான் 3.5-க்கு மேல் கேட்டது. பலரும் கவனமாகவே அதைப் படித்து, பைத்தான் 3.6-ஐத் தனியே நிறுவினார்கள். ஜாங்கோ 2.2 முணுமுணுப்பின்றி ஏறிக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால் நின்றது. எஸ்.கியூ.லைட் 3.8.3 அல்லது அதற்குப் பிந்தியது தேவை, இங்கே இருப்பது 3.7.17 என்றது பிழைச் செய்தி.

எஸ்.கியூ.லைட் என்பது ஒரே கோப்புக்குள் அடங்கும் சிறிய தரவுத்தளம். நம் கைப்பேசிகளிலும் அது இருக்கிறது. புதிதாக ஒரு ஜாங்கோ வேலையைத் தொடங்கினால், வேறு ஏற்பாடு செய்யாத வரை அது இதைத்தான் பயன்படுத்தும். அங்கே பைத்தான் தனக்கென்று எஸ்.கியூ.லைட்டைத் தூக்கி வரவில்லை. அடியில் இருந்த இயங்குதளத்தின் நூலகத்தையே பயன்படுத்திக்கொண்டது. அந்த நூலகம் 2013ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சட்டகத்துக்கும் மொழிக்கும் பொருத்தம் பார்த்தவர்கள், சட்டகத்துக்கும் இயங்குதளத்துக்கும் பொருத்தம் பார்க்கவில்லை. பிப் பைத்தானின் எண்ணைச் சரிபார்க்கும். தரைக்கு அடியில் உள்ளதை அது பார்ப்பதில்லை. மேலும் கவனியுங்கள், 3.8.3-இல் கடைசியில் இருப்பது 3, 3.7.17-இல் இருப்பது 17. பதினேழு பெரிதாயிற்றே என்று ஏமாறக்கூடாது. நடு எண்ணில் எட்டு ஏழை வென்ற பிறகு, கடைசி எண்ணுக்கு வேலை இல்லை.

சரி, பழைய பைத்தானைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். சென்ட் ஓ.எஸ். 7-இல் மென்பொருள்களை நிறுவும் யம் என்னும் கருவியே பைத்தான் 2.7-இல் எழுதப்பட்டது. பைத்தான் என்ற பெயரைப் புதிய பதிப்பின் பக்கம் திருப்பிவிட்டவர்களுக்கு யம் நின்றுபோனது. புதிதாக எதையும் நிறுவவும் முடியாமல், பழையதைச் சரிசெய்யவும் முடியாமல் தவித்தார்கள். இயங்குதளம் தனக்கென்று வைத்திருப்பதைத் தொடக்கூடாது. நம் தேவைக்கு வேறோர் இடத்தில் தனிப் பைத்தானை வைத்துக்கொள்வதே முறை.

அப்படியானால் இத்தகைய இயங்குதளங்கள் ஏன் பழையதையே கட்டிக்கொண்டு இருக்கின்றன? சோம்பல் காரணமன்று. பல ஆண்டுகள் அசையாமல் ஓட வேண்டிய சர்வர்களுக்காக அவை பதிப்பு எண்களை உறையவைத்துவிடுகின்றன. பாதுகாப்பு ஓட்டை கண்டால், எண்ணை மாற்றாமலே ஓட்டையை அடைத்துத் தருகின்றன. எனவே எண் பழையது என்பதால் மட்டும் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆதரவுக் காலம் முடிந்த பிறகு கதை வேறு. அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை. சென்ட் ஓ.எஸ். 7-க்கு அந்த நாள் 2024 ஜூன் 30. உபுண்டு 20.04-இன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்தது. முறுக்கு வாங்க வந்தவர்களின் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அத்தகைய சர்வரில் கிடந்தால், களவு போவது நம்மை நம்பியவர்களின் பொருள்.

அந்த எஸ்.கியூ.லைட் சிக்கலுக்குச் சிலர் ஜாங்கோ 2.1-க்கு இறங்கி வந்து தப்பித்தார்கள். அதன் ஆதரவு 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது. எனவே அது சில மாதத்து நிழல்தான். வேறு சிலர் தரவுத்தளத்தை மாற்றினார்கள். இயங்குதளத்தையே புதிதாக்கிக் கொள்வதுதான் சரியான வழி என்பது என் கருத்து. அதிக வேலை வாங்குவதும் அதுவே.

இணையச் சர்வர் மென்பொருளிலும் இதே கதை உண்டு. அப்பாச்சியையும் பைத்தானையும் இணைக்கும் துணைப்பொருளை மோட் விஸ்கி என்று பலரும் உச்சரிப்பார்கள். (மதுவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!) குறிப்பிட்ட ஒரு பைத்தான் பதிப்புக்கென்றே அது கட்டப்படுகிறது. 2.7-க்குக் கட்டிய மோட் விஸ்கியை வைத்துக்கொண்டு 3.6-இல் எழுதிய தளத்தை ஓட்ட முடியாது.

பி.எச்.பி. படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் வந்த லாரவெல் 11, பி.எச்.பி. 8.2-க்குக் குறையாமல் கேட்கிறது, உபுண்டு 22.04 தன்னோடு கொண்டு வந்ததோ 8.1. இதைவிடக் குழப்பம் தருவது வேறொன்று. வாடகைச் சர்வர்களில் கட்டளைத் திரையில் ஒரு பி.எச்.பி. பதிப்பும், இணையத்தளத்துக்கு வேறொரு பதிப்பும் இருக்கலாம். கட்டளைத் திரையில் 8.2 என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, தளம் 7.4-இல் ஓடுவதை அறியாமல் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பி.எச்.பி. இன்போ என்னும் கட்டளையை ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை உலாவியில் திறந்து பார்த்தால் தளத்தின் உண்மையான பதிப்பு தெரியும். பார்த்த உடனே அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டும். சர்வரின் உள்விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. அந்நியர் கண்ணில் படக்கூடாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த ஒரு வழக்கம், புதிய பாடத்தைத் தொடங்குமுன் மாணவரின் முன்னறிவைச் சோதிப்பது. சர்வரையும் அவ்வாறே சோதிக்க வேண்டும், ஒரு வரி எழுதுவதற்கும் முன்பாக. கட்டளைத் திரையில் பைத்தான் என்னும் சொல்லோடு 3 என்ற எண்ணை ஒட்டி ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள் போட்டு, வெர்ஷன் என்ற சொல்லைச் சேர்த்தால் எண் வந்துவிடும். இயங்குதளத்தின் பெயரும் எண்ணும் இ.டி.சி. என்ற அடைவில் உள்ள ஓ.எஸ். ரிலீஸ் என்னும் கோப்பில் இருக்கின்றன. பிறகு சட்டகத்தின் வெளியீட்டுக் குறிப்பைத் திறந்து, மொழி எது, தரவுத்தளம் எது, எந்த எண்ணுக்குமேல் வேண்டும் என்று தேட வேண்டும். பாடம் நடத்தும் காணொளியைப் பார்த்துச் செய்கிற பிள்ளைகள், அது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்றும் பார்ப்பது நல்லது. இதில் கொஞ்சம் ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு மாற்று வழி கிடையாது.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. வாடகைச் சர்வருக்கு ஓராண்டுக் கட்டணத்தை வெள்ளி எண்ணிக் கொடுப்பதற்கு முன், "அவர்களிடம் பைத்தான் எத்தனை, பி.எச்.பி. எத்தனை என்று கேட்டாயா? வேண்டும்போது மாற்றித் தருவார்களா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். கேட்கவில்லை என்றால், கேட்டுவிட்டு வரட்டும். அரை நாள் பொறுப்பதால் நட்டமில்லை.

எண்களை எழுதும் நோட்டில், ஒவ்வொன்றின் ஆதரவு முடியும் காலத்தையும் பக்கத்திலேயே எழுதிவிடலாம். உபுண்டு 24.04-க்கு 2029, பைத்தான் 3.12-க்கு 2028 அக்டோபர், ஜாங்கோ 5.2-க்கு 2028 ஏப்ரல். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு தளம் அமைத்தால், மூன்றில் முந்தி வருவது ஜாங்கோவின் நாள். வீட்டு நாட்காட்டியில் வட்டமிட வேண்டியது அந்த ஏப்ரலைத்தான். மாற்று வேலையை அதற்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.