ஓட்டத்தை உணர்த்தும் அசையாப் படங்கள்

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையின் கால்கள் ஒவ்வொரு கணத்திலும் எவ்வாறு அமைகின்றன என்பதைக் கண்ணால் கண்டு கூறவல்லார் எவருமிலர். குதிரைகளோடு பிறந்து வளர்ந்த லாயக்காரனுக்கும் அது இயலாது. அவ்வேகத்துக்குக் கண் ஈடுகொடுப்பதில்லை. ஆகவே ஐரோப்பியச் சித்திரக்காரர்கள் நெடுங்காலம் பாயும் குதிரையை முன்னங்கால்கள் முன்னும், பின்னங்கால்கள் பின்னும் நீண்டிருப்பதாகவே எழுதி வந்தனர்.

நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டா என்பது அக்காலத்திய விவாதம். பாரிஸில் மாரே என்னும் உடலியல் அறிஞர், குளம்புகளின் கீழ்க் காற்றடைத்த ரப்பர்ப் பைகளைப் பொருத்தி, அவை அழுந்துவதை எழுதுகோல் கீற்றுக்களாகப் பதியச் செய்து, உண்டு என்று 1873-ல் வெளியிட்டார். கீற்றை நம்பாதவரும் படத்தை நம்புவர் அன்றோ? கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னரும் குதிரை வளர்ப்பில் பெருவிருப்புடையவருமான லேலண்ட் ஸ்டான்போர்டு, இங்கிலாந்தில் பிறந்த எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரரிடம் அவ்வேலையை ஒப்புவித்தார்.

1878-ம் வருஷம் ஜூன் மாதம், பாலோ ஆல்டோவில் ஓட்டப்பாதையின் ஒருபுறம் 12 காமிராக்கள் 27 அங்குல இடைவெளியில் வரிசையாக வைக்கப்பட்டன. பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை ஒவ்வொன்றாக அறுத்துச் செல்ல, மின்சாரத்தினால் ஒவ்வொரு காமிராவின் மூடியும் முறையே திறந்து மூடிற்று. எதிர்ப்புறம் அளவுக் கோடுகள் இட்ட வெண்டிரை. அந்நாளைய கண்ணாடித் தகடுகள் மருந்து பூசி ஈரம் உலருமுன் பயன்படுத்த வேண்டியவை. ஒளியை மெல்லவே ஏற்பவை. விநாடியில் 2,000-ல் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே மூடி திறந்ததாக மைபிரிட்ஜ் குறித்துள்ளார். ஆதலால் திரையின் வெண்மை இன்றியமையாததாயிற்று. குதிரையும் பெரும்பாலும் கருநிழலாகவே விழுந்தது. எனினும் கால்கள் ஐயமறத் தெரிந்தன.

சாலி கார்ட்னர் என்ற அப்பெட்டைக் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுந்தது மெய்யே. ஆனால் அப்போது அவை நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழ் ஒருங்கே மடங்கியிருந்தன! தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட சித்திரங்கள் பிழைபட்டன. எல்லோரும் இதை எளிதில் ஏற்றுக்கொண்டாரில்லை. காலம் உண்மையில் நிற்பதில்லையாதலால் அதை நிறுத்திக் காட்டும் புகைப்படமே பொய் சொல்கிறது என்று பிரெஞ்சுச் சிற்பி ரோதான் பின்னர் வாதித்தார். ஒற்றைப் படத்தைப் பற்றியமட்டில் அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஓட்டம் விளங்குகிறது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. நூலை அறுப்பது குதிரையே ஆதலின், படங்களின் இடையே தூரம் சமமாயிருக்குமேயன்றிக் காலம் சமமாயிருக்குமென்பதற்கு உறுதியில்லை; குதிரை தளர்ந்தால் காலம் நீளும். மைபிரிட்ஜ் பின்னாளில் யந்திரத்தால் சம காலத்தில் மூடிகளைத் திறக்கும் ஏற்பாட்டைக் கைக்கொண்டார். மாரேயோ 1882-ல் துப்பாக்கி வடிவான ஒரு காமிராவைச் சமைத்து, பறக்கும் பறவையை விநாடிக்கு 12 முறை பதித்தார். அதே வருஷம், துளையுள்ள சுழல் தட்டின் வழியே ஒரே தகட்டில் பல உருவங்களைப் பதிக்கலானார். நடை மெதுவாயின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின. அதற்கு அவர் கண்ட உபாயம் வேடிக்கையானது: நடப்பவனுக்குக் கரிய உடை அணிவித்து, கை கால்களின் நெடுகே வெள்ளைப் பட்டைகளை மட்டும் தைத்தார். மனிதன் மறைந்தான், நடை மட்டும் தகட்டில் நின்றது.

மிக விரைந்ததற்கு உதவும் இம்முறை மிக மெதுவானதற்கும் உதவும். செடியின் வளர்ச்சியை ஜெர்மனியில் பெப்பர் என்னும் தாவர அறிஞர் 1900-ஐ ஒட்டி இவ்வாறு காட்டினார். குதிரைக்கு ஏறத்தாழ விநாடியில் 25-ல் ஒரு பங்கு இடைவெளி. முளைக்கும் விதைக்கு ஒரு மணி. மழையில் கரையும் வரப்புக்கு ஒரு மாதம்.

கிராமத்தில் இதைச் செய்ய விரும்புவோர், காமிராவின் முக்காலி நிற்குமிடத்தில் மூன்று முளைகளை அடித்துவைத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உயரம், அதே திசை. நிழல் ஒத்திருக்கும்பொருட்டு, கூடியவரை அதே வேளை. படத்தின் ஓரத்தில் அடிக்கணக்குக் குறித்த கோல் ஒன்றை நட்டு, தேதியையும் எழுதிவைக்க வேண்டும். மைபிரிட்ஜின் வெண்டிரைக் கோடுகள் செய்த வேலையை அக்கோல் செய்யும்.