ஈ.சி. சுத்தம் சார்!

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். ஆனால், வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டி வீடு வாங்கும்போது மட்டும் நம்மவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு பெருந்தன்மை வந்துவிடுகிறது. 'பேங்க்காரன் பார்த்திருப்பான்', 'ரிஜிஸ்தர் ஆபீஸ்ல பார்த்திருப்பாங்க' என்று பொறுப்பை ஊருக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு, நாம் வாஸ்து பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்!

உறவில் யார் வீடு வாங்கினாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். (பத்திரம் படிக்கிற பைத்தியம் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு.) அப்படித்தான் ஒன்றுவிட்ட தம்பியோடு தாம்பரம் பக்கம் ஒரு தனி வீட்டைப் பார்க்கப் போனேன். கிணறு, வேப்பமரம், சிவப்புத் தரை... தம்பி அங்கேயே கவிழ்ந்துவிட்டான்.

"முப்பது வருஷத்துக்கு ஈ.சி. போட்டாச்சுண்ணே. சுத்தமா இருக்கு. பேங்க்லயும் லோன் தர்றேன்னுட்டாங்க. அப்புறம் என்ன?"

பேங்க் தருகிறேன் என்றது அவன் சம்பளச் சீட்டைப் பார்த்து. வீட்டுப் பத்திரத்தை அவர்கள் இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! அப்படியே பார்த்தாலும், பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க்கின் பணத்துக்காக. நாளைக்கே எவராவது கேஸ் போட்டு வீடு கையை விட்டுப் போனாலும், மாதத் தவணை நம்மை விட்டுப் போகாது.

ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றிதழ் சங்கதியும் இப்படித்தான். பதிவு அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். வீட்டுக்காரர் செத்துப்போனது வருமா? அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வருமா? பதிவு செய்யாமல் பீரோவில் தூங்குகிற உயில்தான் வருமா?

அந்த வீட்டை 1974-ல் வாங்கியவர் அப்பா. உயில் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இல்லை. விற்க வந்தவர்கள் இரண்டு மகன்கள். இடையில் ஒரு பத்திரமும் பதிவாகவில்லை. ஆகவே, ஈ.சி. பளிச்!

புரோக்கரை ஓரமாகக் கூப்பிட்டு, "இவங்களுக்கு அக்கா தங்கச்சி உண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு தங்கச்சி இருக்கு சார், கரூர்ல. கட்டிக் குடுத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. முப்பது பவுன் போட்டு, சீர் செனத்தியெல்லாம் செஞ்சு கணக்குத் தீர்த்தாச்சு!"

எந்தக் கணக்கு? அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்த திருத்தங்கள் பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. சீர் செய்துவிட்டால் பங்கு போய்விடும் என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரி கிடையாது. அந்தத் தங்கை கையெழுத்து இல்லாமல் தம்பி வாங்கியிருந்தால், பிறகு ஒருநாள் பாகப்பிரிவினை கேஸ் தபாலில் வந்து கதவைத் தட்டியிருக்கும்.

வாரிசுச் சான்றிதழ் கேட்டோம். முனகிக்கொண்டே தாலுகா ஆபீஸில் வாங்கி வந்தார்கள். மூன்று பெயர்! பதிவன்று கரூரிலிருந்து அந்தம்மா வந்தார். அண்ணன்மார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

"அந்தக் கிணறு வெட்டும்போது நானும் மண்ணு சுமந்தேன் சார். வீட்டை விக்கிறோம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு, மூன்றில் ஒரு பங்குக்கான டி.டி.யைப் பத்திரமாகக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ள வேண்டியதுதானே!

வீட்டு விலையோடு செலவு முடிந்தது என்று தம்பி நினைத்திருந்தான். தனி வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம்! பெரும்பாலும் இது லோனில் வராது, கைக்காசுதான்.

பட்டா இருந்தாலே போதும் என்கிற கோஷ்டி தனி. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேடு. கட்டாயம் வேண்டும்தான், ஆனால், மூலப்பத்திரம் செய்கிற வேலையை அது செய்யாது.

ஃப்ளாட் வாங்குகிறவர்களின் நம்பிக்கைகள் இன்னும் ஜோர். '1,200 சதுர அடி' என்று விளம்பரத்தில் இருந்தால், அத்தனையிலும் பாய் விரித்துப் படுக்கலாம் என்று நினைக்கிறார்கள். அதில் மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை எல்லாம் நம் தலையில்! வீட்டுக்குள் நாம் புழங்குகிற கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தில், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவிகிதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. 'நாளைக்கே விலை ஏறிடும் சார்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்; அவசரம் குறையும்.

இன்னொன்று, மேல்மாடி ஃப்ளாட். "மொட்டை மாடி உங்களுக்குத்தான் சார்!" என்பார் புரோக்கர். பத்திரத்தைப் படித்தால் அநேகமாக அது எல்லோருக்கும் பொது என்றுதான் இருக்கும். கீழ்வீட்டு மாமி வடாம் பிழிய வந்தால் தடுக்க முடியாது. பக்கத்தில் இருக்கிற பாவத்துக்குக் காக்காய் ஓட்டுகிற வேலையும் நமக்குத்தான்!