காவிரிக் கரையில் பால் பைத்தானுக்கு ஒரு வீடு

2023 ஜூலைக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்தார்கள். துளையிட்ட டப்பாக்களுக்குள் 47 மலைப்பாம்புகள், கூடவே 2 பல்லிகள். எந்தப் பாம்பையும் அடைத்துவைக்கக் கூடாத இடம் டப்பா. செல்லப்பிராணிச் சந்தையில் பெரிதும் விரும்பப்படும் பால் பைத்தானுக்கும் அது ஆகாது. அதற்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு இது. மூன்று முதல் ஐந்தடி வளரும். மிரண்டால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பெயரிலுள்ள ‘பால்’ (ball) அதுதான். பகலெல்லாம் எலி வளையிலோ கறையான் புற்றிலோ முடங்கிக் கிடக்கும். அதனால்தான் பெரிய கண்ணாடிப் பெட்டியை வெறுமையாக விட்டால் அதற்குப் பயம். இரை எடுக்காமல் மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். உடம்பு நாலாபுறமும் சுவரில் உரசுகிற அளவுக்கு இறுக்கமான மறைவிடம் இரண்டு வேண்டும். வாயோரம் உடைத்து, கூர் மழுக்கிக் கவிழ்த்த மண்சட்டியே போதும்.

ஏன் இரண்டு? பாம்பு உடற்சூட்டைத் தானே உண்டாக்குவதில்லை. இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். பெட்டியின் ஒரு முனை 31–33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25–27. மறைவிடம் ஒரு முனையில் மட்டும் இருந்தால், சூட்டையும் பாதுகாப்பையும் ஒன்றாகப் பெற வழியில்லாமல் தவிக்கும்.

வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூடேற்றுவதே அவர்கள் கவலை. தஞ்சாவூர்ச் சித்திரையில் குளிர்முனையைக் காப்பாற்றுவதுதான் பாடு. மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையும் தகரக் கூரையும் ஆகவே ஆகாது. மார்கழி இரவுகளுக்கு ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) போடலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடாது. அது இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும்.

ஈரப்பதம் 55–70 சதவீதம் இருந்தால் சட்டையை முழுசாக உரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அதற்கு மேலே போய்விடும். காற்றோட்டமும் இல்லையென்றால் மூச்சுத் தொற்று வரும். பக்கத் துளைகள் உள்ள நாலடி மரப்பெட்டியில், தென்னை நார்த்தூள் பரப்பி, தண்ணீர்ச் சட்டியைக் குளிர்முனையில் வைப்பது நல்லது. தாழ்ப்பாள் கட்டாயம், சின்ன இடுக்கு இருந்தாலும் தலையால் முட்டி நெம்பிவிடும்.

மத்திய அரசின் 2024 விதிகளின்படி இவ்வகை அயல் உயிரினங்களை அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். முறையான ஆவணமில்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். நம் நாட்டு மலைப்பாம்பை வளர்க்கவே கூடாது. வயலில் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.