மூணு கோடு என்ன, திருநீறா?

இருக்கன்குடி மாரியம்மன் கோயில் வாசல் கடைகளில், தகட்டில் அடித்த உருவங்கள் விற்பார்கள். கண், கை, கால், தொட்டில். கண்ணில் நோவு என்றால் கண்மலர், பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். தகட்டில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனாலும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அம்மனுக்கும் சேதி விளங்கிவிடும். கணினித் திரையில் 'ஐகான்' என்கிறோமே, அதற்கும் இதே வேலைதான்.

இதை எனக்கு நினைவுபடுத்தியது எங்கள் தெருப் பையன் ஒருவன். பி.காம். முடித்துவிட்டு யு.ஐ., யு.எக்ஸ். டிசைன் படிக்கத் தொடங்கியிருக்கிறான். யு.ஐ. என்பது திரையில் தெரிகிற பொத்தான், எழுத்து, நிறம், இடைவெளி. யு.எக்ஸ். என்பது அவற்றோடு மல்லுக்கட்டுகிறவர் படும் பாடு முழுவதும். முதலாவதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலரும் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள். அவனும் அப்படித்தான். கோயிலில் முடிகாணிக்கைச் சீட்டு வாங்க ஒரு செயலி இருந்தால் எப்படி இருக்கும் என்று, பயிற்சிக்காக ஃபிக்மா மென்பொருளில் வரைந்தான். பார்க்க லட்சணமாகவே இருந்தது. போனில் ஏற்றி அப்பத்தா கையில் கொடுத்தான். முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிய கை அது.

"ஏலே, இந்த மூணு கோடு என்னத்துக்கு? திருநீத்துப் பட்டையா?"

மேல் மூலையில் இருந்த மெனுவைத்தான் கேட்டார். அந்த மூன்று கோட்டை ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தார். அந்தக் கணினி 1981-ல் வெளிவந்தது. பட்டியலில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிகள் இருக்குமல்லவா, அதன் சுருக்கம் அது. கணினியோடு வளர்ந்தவனுக்குப் பட்டியல். கோயிலோடு வளர்ந்தவருக்குத் திருநீறு. பார்க்கிறவரின் பழக்கம்தான் படத்துக்குப் பொருள் தருகிறது. அப்பத்தா சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

சிவகாசிக்காரர்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டார்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னாலேயே பட்டாசும் அச்சகமும் வளர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் 'அணில் மார்க்', 'சேவல் மார்க்' என்று கேட்டு வாங்கினார்கள். மேலே சுற்றிய தாளில் லட்சுமி படம் இருந்ததால் அது லட்சுமி வெடி. குருவி இருந்தால் குருவி வெடி. கண்ணெதிரே இருப்பதை அடையாளம் காண்பது மனிதருக்கு எளிது. பெயரை மனத்திலிருந்து தோண்டி எடுப்பது சிரமம். ஜேக்கப் நீல்சன் 1994-ல் வெளியிட்ட, டிசைன் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிற பத்து விதிகளில் இதுவும் ஒன்று.

லேபிளை விடுங்கள், பெட்டியையே பாருங்கள். ஒரு காலத்தில் வெள்ளை பாஸ்பரஸ் தடவிய குச்சிகள் இருந்தன. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும், சட்டைப் பையில்கூட. 1844-ல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் மருந்தை இரண்டாகப் பிரித்துக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் வாங்கும் பெட்டியிலும் குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்து உரசினால்தான் தீ. தெரியாமல் கை பட்டு எதுவும் நடந்துவிடக் கூடாது. வேண்டுமென்று செய்தால் உடனே நடக்க வேண்டும். 'நிச்சயமாக அழிக்கவா?' என்று போன் ஒருமுறை கேட்கிறதே, அதுவும் இதே புத்திதான். அதற்காகத் தீப்பெட்டியைத் தலையில் தூக்கிவைக்கவும் முடியாது. மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும் பெட்டியைத் தலைகீழாகத் திறந்து குச்சியெல்லாம் கொட்டாதவர் யார்? குற்றம் நம் கையில் இல்லை, பெட்டியில். வடிவமைப்பு படிக்க வருகிறவர் முதலில் பழக வேண்டிய கோணம் இது.

அப்பத்தாவுக்கு அடுத்த சிக்கல் பொத்தானில் வந்தது. "அமுக்குறேன், ஒண்ணும் ஆகலியே" என்று பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டங்கள் இருக்கின்றன. நம் உடம்பு மின்சாரம் கடத்தும் என்பதால், விரல் பட்ட இடத்தில் மின்தேக்கு அளவு கொஞ்சம் மாறும். போன் கணக்கெடுப்பது அந்த மாற்றத்தை. எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது அதற்குப் பொருட்டில்லை. காய்ப்பேறி வறண்ட விரல் பட்டால் சமயத்தில் தெரிவதே இல்லை. அழுத்திப் பிடித்தாலோ பல போன்களுக்கு அது வேறு கட்டளை. போதாக்குறைக்குப் பையன் வரைந்த பொத்தான் பொடிசு. தொட வேண்டிய இடம் எவ்வளவு சிறிதாகவும் தூரமாகவும் இருக்கிறதோ, அவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வழிகாட்டி, சுமார் 9 மில்லிமீட்டர் சதுரமாவது விடச் சொல்கிறது.

"ஓட்டு மிஷின்னா பீப்புனு கத்தும். விழுந்துருச்சுன்னு தெரியும். இது ஊமையால்ல இருக்கு."

நான் அசந்துபோனேன். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் நம் எழுத்தாளர் சுஜாதா. சின்னத்துக்கு ஒரு பொத்தான், அமுக்கினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு, நீண்ட ஒலி. இப்போது ஓட்டு எந்தச் சின்னத்துக்கு விழுந்தது என்று காட்டும் சீட்டும் 7 விநாடி கண்ணில் தெரிகிறது. செய்த காரியத்துக்கு இயந்திரம் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதும் நீல்சனின் பட்டியலில் உண்டு. அப்பத்தா நீல்சனைப் படித்ததில்லை, ஓட்டுப் போட்டிருக்கிறார்.

பொத்தானில் இருந்த சொல்லும் உதவவில்லை. 'சப்மிட்' என்ற சின்னச் சொல்லுக்கு அளந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதப் போய், பாதி வெட்டுப்பட்டு 'சமர்ப்பிக்...' என்று நின்றது. ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் இப்படித்தான். அப்பத்தா வாயில் சமர்ப்பிப்பதும் கிடையாது, முடிகாணிக்கையும் கிடையாது. மொட்டை போடுவார், சீட்டு வாங்குவார்.

இதையெல்லாம் வரைந்து பார்க்கக் கணினியே வேண்டியதில்லை. 1984-ல் வந்த மெக்கின்டோஷுக்கு ஐகான் வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட நோட்டில்தான் தொடங்கினார். அகலத்துக்கு 32, உயரத்துக்கு 32 கட்டம். கட்டத்தை நிரப்பினால் ஒரு புள்ளி. புள்ளிக் கோலம் போடுகிற வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

பையன் இப்போது நோட்டில் வரைகிறான். மூன்று கோடு போய்விட்டது. பொத்தான் பெரிதாகி, 'சீட்டு வாங்கு' என்று முழுசாக நிற்கிறது. மேலே ஒரு மொட்டைத் தலை. தொட்டால் போன் ஒருமுறை அதிர்கிறது. ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது நீல்சனின் கணக்கு. கூடப் படிக்கிற ஐந்து பேரைப் பிடித்தால் அதில் சேராது என்பது என் கணக்கு.

ஒருவர் ஆயிற்று, இன்னும் நாலு பேர் பாக்கி. வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்கு வருகிறவர்கள், கோயில் வாசலில் ஒரு பையன் போனை நீட்டினால், இரண்டு நிமிஷம் நின்று அமுக்கிப் பாருங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள்.