வீட்டு வியாபாரத்துக்கும் செக்ரோல் வேண்டும்!



விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, குலை வெட்டி வீடு திரும்பும் நம் குடும்பங்களுக்கு இன்று ஒரு புது வழி கண்ணில் படுகிறது. கையில் இருக்கும் கைப்பேசியைக் கொண்டே சாமான் விற்கலாம் என்பதுதான் அது. முறுக்கு, அதிரசம், ஊறுகாய், மசாலைத் தூள், தைத்த ரவிக்கை என்று லயத்து வீடுகளில் செய்யும் பொருள்கள் ஷாப்பி, டிக்டாக், வாட்சாப் வழியாகக் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போய்ச் சேருகின்றன. நாம் தோட்டம் தோட்டமாகப் போகும்போது தாய்மார்கள் கேட்கும் கேள்வியும் இதுதான்: "நாங்களும் ஆரம்பிக்கலாமுங்களா? கையில ஏதாச்சும் மிஞ்சுமா?"

ஆரம்பிக்கலாம். மிஞ்சுமா என்பது கணக்கைப் பொறுத்தது. பால் நிறுக்கும்போது கிராணியின் பேனாவை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள் நாம். அதே கண் நம் சொந்த வியாபாரத்திலும் வேண்டும்.

உங்கள் கூலி எங்கே?

ஓர் அம்மாள் 1 கிலோ முறுக்கு சுட்டு, 200 கிராம் வீதம் 5 பொட்டலம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் 8 வெள்ளி. மொத்தம் 40 வெள்ளி. மாவும் எண்ணெயும் 12, கேஸ் 2, பை, லேபல், பெட்டி 4, விற்றுக்கொடுக்கும் தளம் பத்தில் ஒரு பங்கு என்று பிடித்தால் 4. ஆகச் செலவு 22 வெள்ளி. மிச்சம் 18. "பதினெட்டு வெள்ளி லாபம்!" என்று அம்மாள் மகிழ்ந்துபோகிறார்.

பொறுங்கள். மாவு பிசைந்து, சுட்டு, பொட்டலம் கட்டி, அஞ்சலுக்குக் கொண்டுபோக 3 மணி நேரம் ஆனது. அப்படியானால் மணிக்கு 6 வெள்ளிதான். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். அதாவது, தம் வீட்டு அடுப்படியிலேயே அந்த அம்மாள் சட்டம் சொல்லும் கூலிக்கும் கீழே உழைத்திருக்கிறார்! இங்கே எந்தத் துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அதே பொட்டலத்தை 10 வெள்ளிக்கு விற்றால் தளத்துக்கு 5 வெள்ளி போகும், மிச்சம் 27, மணிக்கு 9 வெள்ளி. அல்லது ஒரே முறையில் 3 கிலோ சுட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆகவே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதுதான் உங்கள் செக்ரோல். சாமான் செலவு ஒரு பக்கம், வேலை செய்த மணி ஒரு பக்கம். எந்தத் தளமானாலும் எவ்வளவு பிடிக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். அந்தத் தொகை அடிக்கடி மாறும்.

அஞ்சல் செலவிலும் ஒரு பொறி உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதையும் எடையாகக் கொள்ளும் கூரியர்கள் பல. 30, 25, 20 அளவுப் பெட்டி 3 கிலோவாகிவிடும். உள்ளே இருப்பது 1 கிலோ முறுக்கானாலும் 3 கிலோவுக்குக் காசு! முறுக்கு, அப்பளம் போன்ற லேசான பண்டத்துக்குச் சின்னப் பெட்டியே சிக்கனம்.

பதிவும் பத்திரமும்

வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில், அதாவது எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். கடைப் பெயர் வைத்தால் 60. நிரந்தரவாசியாக உள்ள சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும் பதியலாம். தின்பண்டம் விற்பவர்கள் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய், டைஃபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, முகவரி ஆகியவை தெளிவாக இருக்கட்டும். தோட்டத்து வீடு கம்பெனிக்குச் சொந்தமானது. ஆதலால் நிர்வாகத்திடம் வாய்ப்பேச்சாக அல்ல, எழுத்தில் அனுமதி வாங்கி வைப்பது நல்லது.

முதலுக்கு ஆலோங்கிடம் போகாதீர்கள். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கடைப் பற்று எத்தனை குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்றே ஸ்புமி கடன் உண்டு. அமானா இக்தியார் பெண்களுக்குச் சிறுகடன் தருகிறது. ஆனாலும் முதல் மாதம் கடனே வாங்காமல், பத்துப் பொட்டலம் விற்றுப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர்கள் காத்திருக்கிறார்கள்

"காசு போட்டாச்சுக்கா, ரசீது பாருங்க" என்று படம் அனுப்புவான். படத்தை நம்பாதீர்கள், பேங்க் கணக்கில் காசு ஏறியதா என்று பார்த்த பிறகே சாமானை அனுப்புங்கள். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். பேங்க் கார்டை "வாடகைக்குக் கொடு, மாதம் காசு தருகிறேன்" என்பவனை வாசலிலேயே நிறுத்துங்கள்; திருட்டுப் பணம் உங்கள் கணக்கில் ஓடினால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்ட வேலையில் நமக்குச் சேமநிதியும் சொக்சோவும் உண்டு. வீட்டு வியாபாரத்தில் அவை தாமாக வரா. சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்து நீங்களாகவே பணம் போடலாம். தகுதியுள்ளவர்களுக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. அந்தத் தொகையையும் நோட்டுப் புத்தகத்தில் செலவாகவே எழுதுங்கள். கைகால் ஓய்ந்த பிறகு எண்ணெய்ச் சட்டி சோறு போடாது.

ஐந்து வீடு சேர்ந்தால்

தனியே தடுமாறுவதைவிடக் கூடிச் செய்வது மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அப்படியிருக்க, லயத்தில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு மூட்டை மாவும் ஒரு டின் எண்ணெயும் மொத்த விலைக்கு வாங்க முடியாதா? ஒருவர் சுட, ஒருவர் பொட்டலம் கட்ட, படித்த பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொள்ள, வாரம் இரண்டு நாள் ஒரே மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்குக் கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தால் செலவும் குறையும், அலைச்சலும் குறையும். ஆனால் அந்தப் பிள்ளை செய்யும் வேலைக்கும் கூலி எழுதுங்கள்.

ஒரு வெள்ளி சம்பள உயர்வுக்காக மாதக்கணக்கில் வாதாடியவர்கள் நாம். அப்படிப் பெற்ற கூலியை நம் வீட்டு அடுப்படியிலேயே விட்டுக்கொடுக்கலாமா? நோட்டுப் புத்தகத்தை இன்றைக்கே திறங்கள். முதல் வரியில் உங்கள் கூலியை எழுதுங்கள்!