சவூதியில் வாங்கிய அயனும் நம் லயத்துக் கரண்டும்

வெளிநாட்டு வேலைக்குப் போன மகளோ மருமகளோ திரும்பி வரும்போது பெட்டி நிறையச் சாமானும் வருகிறது. அயன், ரைஸ் குக்கர், கேத்தல், கிரைண்டர். பிறத்தியார் வீட்டில் வருஷக்கணக்காக உழைத்து வாங்கிய பொருள்கள். பிளக்கைக் குத்திய நிமிஷமே அது புகைந்து போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சாமான் மட்டம் என்று அந்த ஊர்க் கடைக்காரனைத் திட்டுகிறோம். அநேகமாகச் சாமான் நல்லதாகத்தான் இருக்கும். கரண்ட்தான் வேறு.

நம் நாட்டில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட் என்பதைப் பீலியில் வரும் தண்ணீரின் வேகம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஹெர்ட்ஸ் என்பது கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது என்ற கணக்கு. குவைத், கட்டார், டுபாய் எல்லாம் ஏறக்குறைய நம்மைப் போலத்தான். அங்கே வாங்கியது இங்கேயும், இங்கிருந்து கொண்டுபோனது அங்கேயும் வேலை செய்யும்.

சங்கடம் சவூதியில்தான். அங்கே பழைய வீடுகளில் சாதாரண பொயின்டுக்கு 127 வோல்ட், ஏசி மாதிரிப் பெரிய சாமானுக்கு 220 வோல்ட் என்று இரண்டு வகை. 2010இல் 230 வோல்ட்டுக்கு மாறுவதென்று தீர்மானித்துப் படிப்படியாக மாற்றி வருகிறார்கள். ஆனாலும் ஹெர்ட்ஸ் 60தான்.

127 வோல்ட்டுக்குச் செய்த அயனை இங்கே குத்தினால் என்ன ஆகும்? வோல்ட் இரண்டு மடங்குகூட இல்லை, சூடு மட்டும் மூன்று மடங்குக்கு மேலே போகும். வோல்ட் கூடும்போது இழுக்கும் கரண்டும் சேர்ந்து கூடுவதுதான் காரணம். 1000 வாட் அயன் 3000 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். நம் லயங்களில் உள்ள பழைய 5 அம்பியர் பொயின்ட் தாங்குவதோ 1150 வாட். அயன் எரிவதோடு போனால் பரவாயில்லை, சுவருக்குள் போகும் வயரும் உருகும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கிறோம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அடுத்த காம்பராவைக் கேட்டுக்கொண்டு போகாது.

இங்கத்திய ரைஸ் குக்கரை அங்கே 127 வோல்ட்டில் குத்தினால் கதை தலைகீழ். மூன்றில் ஒரு பங்குச் சூடுகூட வராது. அரிசி ஊறும், சோறாகாது.

அடாப்டர் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அடாப்டர் மாற்றுவது பிளக்கின் காலை மட்டும்தான், வோல்ட்டை அல்ல. பிளக்கை வெட்டிப்போட்டு, வெறும் வயரைத் தீக்குச்சி வைத்துச் செருகும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிள்ளைகள் நடமாடும் வீடு.

வோல்ட்டை மாற்றுவது ட்ரான்ஸ்போமர். அதன் வாட் சாமானின் வாட்டை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். 1000 வாட் அயனுக்கு வேண்டிய ட்ரான்ஸ்போமர் பல கிலோ கனக்கும், விலையும் கடிக்கும். பேசாமல் ஹட்டனில் ஒரு புது அயன் வாங்கிவிடலாம். ட்ரான்ஸ்போமர் ஹெர்ட்ஸை மாற்றவும் மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பிரிட்ஜ், வொஷிங் மெஷின் இங்கே மெதுவாக ஓடி, மோட்டர் சூடாகிப் பழுதாகலாம்.

ஆகவே வாங்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள். சாமானின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒரு சிறு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் 220-240, 50/60 என்று இருந்தால் தைரியமாக வாங்கலாம். 100-240 என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும், போன் சார்ஜர் பெரும்பாலும் இந்த வகைதான். 110, 120, 127 என்று மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வரட்டும். மகள் போன் எடுக்கும்போது இந்த நம்பர்களை வாசித்துக் காட்டுங்கள்.

ஏற்கெனவே வந்து சேர்ந்த சாமான் இருந்தால், பிளக்கில் குத்திப் பார்க்காமல் அப்படியே நலன்புரி அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். வேலை முடிந்து வரும்போது வந்தாலும் போதும், தகட்டை வாசித்துச் சொல்கிறோம்.