வசந்த காலப் பயணமும் பெட்டி கட்டும் முறையும்



தோட்டப்புறத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் லண்டன் மாநகரில் படிக்கிறார்கள். சிலர் அங்கேயே வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கவும் பேரப்பிள்ளையைக் கொஞ்சவும் பெற்றோர் விமானம் ஏறுகிறார்கள். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செய்யும் பயணம் அது. போன இடத்தில் குளிர் தாங்காமல் படுத்துவிட்டால் பணமும் வீண், பயணமும் வீண். ஆகவே, ஏப்ரல் மாதத்தில் லண்டன் செல்வோர் எதையெல்லாம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

வசந்த காலம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். சித்திரை என்றால் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். கேமரன் மலையில் இரவில் போர்வை தேடுகிறோமே, அந்தக் குளிர் சுமார் 15 பாகை செல்சியஸ். ஏப்ரல் மாத லண்டனில் நண்பகல் வெப்பமே சராசரியாக அவ்வளவுதான். இரவில் அது 6 பாகை அளவுக்கு இறங்கிவிடும். காற்றும் தூறலும் வேறு.

அப்படியானால் கனத்த குளிர்ச்சட்டை ஒன்றை வாங்கிவிடலாமா? வேண்டாம். விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவர் என்ன செய்கிறார்? ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். வெயில் ஏறியதும் மேல்சட்டையைக் கழற்றிவிடுகிறார். லண்டனுக்கும் அதே முறைதான். சட்டைகளுக்கு இடையே தங்கும் காற்று உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இரயிலிலும் கடையிலும் புழுக்கமாக இருந்தால் ஒன்றைக் கழற்றிக் கொள்ளலாம்.

ஆகவே உடம்போடு ஒட்டிய உள்சட்டை இரண்டு, அதன்மேல் சாதாரணச் சட்டை, அதற்கும் மேல் மெல்லிய கம்பளிச் சட்டை, கடைசியாகக் காற்றும் மழையும் புகாத, தலைமூடியுள்ள மேலங்கி ஒன்று. பலத்த காற்றில் குடை மடங்கிவிடும், தலைமூடி கைகொடுக்கும். பழைய உடுப்பு விற்கும் பண்டல் கடைகளில் தேடினால் இவை மலிவாகக் கிடைக்கும். சேலைதான் கட்டுவேன் என்னும் தாய்மார்கள் உள்ளே நீண்ட ஒட்டுக் காற்சட்டையும் காலுறையும் அணிந்துகொள்ளலாம். வெளியில் யாருக்கும் தெரியாது.

அங்கே நடை அதிகம். மூடிய சப்பாத்து அவசியம். அதைப் புறப்படும் முதல் நாள் வாங்காமல், இரண்டு வாரத்திற்கு முன்பே வாங்கித் தோட்டத்துச் சாலையில் நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகளை மருத்துவர் கடிதத்துடன் கைப்பையில் வையுங்கள். குறிப்பாக, இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. விமானத்தின் அடியறைக் குளிரில் அது உறைந்துவிட்டால் பயன்படாது. ஏப்ரலில் லண்டன் நேரம் நம் நேரத்தைவிட 7 மணி பின்தங்கியிருக்கும். அதனால் மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பிடிக்கும் என்று கோழிப் பிரட்டலையும் நெய்ப் போத்தலையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர அங்கே அனுமதியில்லை, சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். மசாலைத் தூளும் எண்ணெயில் பொரித்த முறுக்கும் போதும். கைப்பேசி மின்னூட்டிக்கு வேறு முனை வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டு மூன்று முனைச் செருகிதான் அங்கும்.

கடப்பிதழோடு வேலை முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி முதல் மலேசியர்களும் பிரிட்டனுக்கான மின்னணுப் பயண அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லி விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. லண்டனில் பல சுரங்க இரயில் நிலையங்களில் மின்தூக்கி கிடையாது. கட்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசற்படியில் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். பத்துமலையின் 272 படிகளை யாரும் ஏறச் சொல்லவில்லை! மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து பாதி சேலைகளை வெளியே எடுத்து வையுங்கள். பிள்ளை காத்திருப்பது உங்களுக்காக, உங்கள் பெட்டிக்காக அல்ல.